ஒரே குழாயில் படுத்த இரண்டு கிருமிகள்

மல்லாவிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தபோது என்னிடம் இரண்டுக்குத் தட்டுப்பாடு: கண்ணாடிக் குழாய், பொறுமை.

சூசை அண்ணை முல்லைத்தீவுக் கடலில் வலை இழுத்தவர். கெளிற்று மீன் முள் குத்திய பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. புண்ணில் இருந்த கிருமியைத் தட்டில் பூசி, மருந்து ஊறிய கடதாசி வட்டமான டிஸ்க் நான்கு வைத்தேன். மருந்து பிடித்தால் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி செத்துவிடும். இதுவோ நான்கையும் ஒட்டியே செழித்து வளர்ந்திருந்தது.

டொக்டர் நம்பவில்லை. "பிள்ளை, உம்மடை டிஸ்க் செத்துப்போச்சு. ஃபிரிஜ்ஜுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் எத்தினை நாள்?"

அலுமாரியில் சிப்ரோ என்ற புது மருந்து ஒரே ஆளுக்குக் காணுமளவுக்குத்தான் இருந்தது. டிஸ்க் சரியென்று காட்டினால்தான் திறப்பார். இல்லையென்றால் பழைய மருந்துதான். பிறகு பாதத்தை வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

டிஸ்க்கைச் சோதிக்கவென்றே எந்த மருந்துக்கும் சாகிற சாதுக் கிருமி ஒன்று வளர்த்தேன். குழாய் இல்லாததால் முதல் நாள் அதையும் சூசை அண்ணையின் கிருமியையும் ஒன்றாக ஊற்றியிருந்தேன். நிறம் வேறுதானே, பிறகு பிரிக்கலாம் என்ற கெட்டித்தனம். பிரித்து டிஸ்க் வைத்துப் பார்த்தால், என் சாதுவும் நான்கு மருந்துக்கும் சாகவில்லை.

கிருமிக்குள் பிளாஸ்மிட் என்றொரு டி.என்.ஏ. வளையம் உண்டு. குதிக்கும் ஜீன்கள் மருந்தை எதிர்க்கும் ஜீன்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அதில் ஏறிக்கொள்ளும். கிருமி அந்த வளையத்தைப் பிரதியெடுத்துப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். அதற்கு ஓர் இரவு போதும். நானோ பாயும் விரித்துக் கொடுத்திருந்தேன்.

என்னிடம் வேறு சாது இல்லை. இனி மருந்தே காணாத வயிற்றிலிருந்து ஒரு கிருமி வேண்டும். டிஸ்பென்சர் சின்னத்தம்பி அண்ணை ஊருக்கெல்லாம் குளிசை கொடுப்பவர். தனக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடிப்பவர். மருந்து வாங்க வரிசை நின்றபோதே கேட்டேன்.

"அண்ணை, சோதிக்கக் கொஞ்சம் மலம் தாங்கோ."

"என்ன விசர்க்கதை?"

"நீங்கள் ஒரு குளிசையும் விழுங்கினதில்லையாமே?"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. "மெல்லக் கதையும் பிள்ளை! சனம் கேட்டால் ஆர் என்னட்டை மருந்து வாங்கும்?"

முறைத்தபடியே ஜாம் போத்தலில் தந்தார். நல்ல மனுசன். அடுத்த நாள் அவருடைய கிருமி நான்கு டிஸ்க்குக்கும் செத்துப்போயிருந்தது. டிஸ்க்கில் பிழையில்லை என்று கண்ட டொக்டர் அலுமாரியைத் திறந்தார்.

நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. சந்தோஷமாக வார்டுக்குப் போனால், சூசை அண்ணை மிச்சக் குளிசையைப் பக்கத்துக் கட்டில்காரருக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாவம் தங்கச்சி, அவருக்கும் புண். நான் மட்டும் விழுங்கினால் நல்லா இருக்குமோ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பறித்து வைத்துக்கொண்டு, மருந்து முடியும்வரை வேளைக்கு வேளை எதிரே நின்று விழுங்க வைத்தேன். இரண்டு காலாலும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எந்த ரிப்போர்ட் கொடுத்தாலும் அடியில் கையால் ஒரு வரி எழுதுவேன்: "மருந்தைப் பங்கிட வேண்டாம். பங்கிடுகிற வேலையைக் கிருமிகள் பார்த்துக்கொள்ளும்."