பாவாடைக்கு உள்ளே ஒரு பாக்கெட்

தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கிறது. பின்னிய ஜடையில் பூ வைத்து, பட்டுப் பாவாடை உடுத்தி ஒரு குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் டவுசர் சட்டையோடு இன்னொன்று நிற்கும்.

"நைனா, பூவெல்லாம் வெச்சிக்கினு சூப்பரா இருக்குற! பக்கத்துல இருக்குற பையன் யாரு?" என்று தம்பி மகள் அப்பாவிடம் கேட்டாள்.

"அது பையன் இல்லடி, உங்க அத்த."

ஆண் பிள்ளைக்கு மொட்டை போடுவதற்கு முன்பு பெண் வேஷம் கட்டிப் போட்டோ எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேண்டுதல் தள்ளிப்போனதால் தம்பி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். அவனுக்கு உடுத்தியது என்னுடைய ஒரே பட்டுப் பாவாடை. அதனால் அவன் டவுசரையும் சட்டையையும் அம்மா எனக்கு மாட்டிவிட்டாள். எனக்கோ அப்போதுதான் மொட்டை போட்டு முடி வளர்ந்துகொண்டிருந்தது.

"டேய் தம்பி, அக்காவ ஒட்டி நில்லுடா," என்றார் செஞ்சி ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்து. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் கை டவுசர் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை. அதுவரை என் துணி எதிலும் பாக்கெட் இருந்ததில்லை.

எங்கள் ஊரான சிங்கவரத்துக்குத் திரும்பியதும் டவுசரைக் கழற்ற மாட்டேன் என்று அழுதேன்.

"பொம்பளப் புள்ளைக்கு பாக்கெட்ல இன்னாடி வேல? அவுருடி!" என்று அம்மா உரித்து எடுத்துவிட்டாள். தம்பியோ பாவாடையைச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஆடினான். பார்த்தவர்கள் எல்லாம் அவனைக் கொஞ்சினார்கள்.

அந்த டவுசர் பின்பக்கம் கிழிந்தபோது, அம்மா பாக்கெட்டை மட்டும் வெட்டியெடுத்து, பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டும் பாவாடையின் உள்பக்கம் வைத்துத் தைத்தாள்.

"வெளிய தெரியக் கூடாது. நாலு பேரு சிரிப்பாங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை. நடக்கும்போது தொடையில் மல்லாட்டை உரசும். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவே கூசுவேன். அந்தப் பாவாடை கட்டிய நாளில் மட்டும் துணியோடு சேர்த்துப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எப்படியோ பதில் சொல்லிவிடுவேன்.

போன வாரம் தம்பி மகளுக்கு கவுன் எடுக்கப் போனோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கவாட்டில் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா தேடுறீங்க?" என்றாள் கடைப்பெண்.

சொல்ல வெட்கமாக இருந்தது. என் பாவாடைப் பாக்கெட் கதையைக் கேட்டிருந்த தம்பி மகள்தான் சத்தமாகக் கேட்டாள்:

"பாக்கெட் வெச்சது இருக்குதா?"