பச்சைத் தண்ணீர் வந்த வழி

பிலோமினா இம்செங் பனியாற்றின் அடிவாரத்தில் இருபது ஆண்டுகளாகத் தனியாளாக ஏழு பசுக்களை வளர்த்துவந்தாள். அந்த ஜூனில் அவள் புல்வெளிக்கு வரும் ஓடை நூலாக இளைத்துவிட்டது.

"பனிக்குள்ள தண்ணி வேற பக்கம் திரும்பிடுச்சு. பசுக்களை வித்துடு," என்றான் பக்கத்து வீட்டு தியோடுல்.

அவள் மேலே ஏறினாள். உருகிய நீர் விழுந்து மறையும் குழியில், பனியாற்றை அளக்க வந்தவர்கள் கொடுத்த பச்சைச் சாயத்தைக் கொட்டினாள். அந்தப் பச்சை தன் ஓடைக்கு வருகிறதா என்று பார்க்க, இறங்கிவந்து ஓடைக்கரையில் காத்திருந்தாள்.

"தண்ணிக்கே சாயம் போடுற ஆளை இப்பதான் பாக்குறேன்!" என்று தியோடுல் சிரித்தான்.

மறுநாள் மாலை ஓடையில் வெளிறிய பச்சை கசிந்தது.

"தண்ணி வேற பக்கம் திரும்பல, தியோடுல். வந்து சேர ஒரு நாள் ஆகுதுன்னா வழி குறுகலா இருக்கு, அவ்வளவுதான். ஓடுற தண்ணியே பனியைக் கரைச்சு அகலமாக்கிக்கும்."

அதுவரை பக்கத்து ஊற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து பசுக்களைக் காப்பாற்றினாள். ஜூலையில் ஓடை பெருகியது. வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க மறுபடி சாயம் கொட்டினாள். இம்முறை கரையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தவன் தியோடுல்.

அவள் பாதி மலை இறங்குவதற்குள் கீழேயிருந்து அவன் கத்தினான்: "மெதுவா வா, பிலோமினா! உன் தண்ணி உனக்கு முன்னாடியே வந்துடுச்சு!"