காலி அறையின் சத்தம்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையின் பின்கட்டில் சாணை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்றபடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுப்பது வேலை. தேய்த்ததைத் தூக்கிப் பிடித்து, எதிரே தொங்கும் காலண்டரின் கட்டங்கள் நெளிகின்றனவா என்று பார்ப்பாள். மற்றவர்கள் ஒரு தரம் பார்த்தால் இவள் நாலு தரம் பார்ப்பாள். வாடிக்கையாளர் முன்கட்டில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். "பூதக்கண்ணாடி, அந்தாளுக்கு இருக்கிற பார்வையும் போறதுக்குள்ள குடுத்துடுவியா?" என்று முதலாளி குரல் கொடுப்பார். அவள் சட்டை செய்யமாட்டாள்.

சொத்தையாகிப்போன வில்லைகளை ஒரு தட்டில் போட்டு வைப்பது வழக்கம். ஒருநாள் மத்தியானம் அதில் ஒன்றை எடுத்து, விளையாட்டாக ஜன்னல் பக்கம் பிடித்தாள். பின்கட்டு எப்போதும் இருட்டு. எதிர்ச் சுவரில் தெரு முழுதும் வந்து தலைகீழாக விழுந்தது. பஸ் மேலே ஓடியது. வானம் தரைப்பக்கம் கிடந்தது. குடை பிடித்த ஒருவர் கூரையில் கால் பதித்து நடந்து போனார். அவள் பேயறைந்த மாதிரி நின்றாள். முதலாளி வந்து, "என்ன, பொழப்பைப் பாக்கலாமா?" என்று கேட்கிற வரைக்கும் நின்றாள்.

கலை என்று யாராவது பெரிய வார்த்தை சொன்னால் அவளுக்குக் கூச்சமாகிவிடும். ஆனால் அன்றைக்குப் பிடித்தது விடவே இல்லை. சொத்தை வில்லைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாணையிலிருந்து வழியும் வெள்ளைச் சேற்றைப் பசையில் குழைத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசிக் காயவைத்தாள். பள்ளிக்கூடம் ஒன்று கழித்துப்போட்ட புரொஜெக்டரை வாங்கி, அதன் ஒளியை அந்தத் தகட்டின் வழியாகவும் வில்லையின் வழியாகவும் விட்டு, படுக்கை விரிப்பின் மேல் பாய்ச்சினாள். விரிப்பில் மேகம் நகர்ந்தது, விரிசல் ஓடியது, பெயர் வைக்க முடியாத எதுவோ விழித்துப் பார்த்தது. அப்புறம்தான் ஊமையாக இருக்கிறதே என்று உறுத்தியது. சத்தம் சேர்க்க ஆரம்பித்தாள்.

சத்தமென்றால் பாட்டும் கொட்டும் இல்லை. குழாயின் கடைசிச் சொட்டு. பக்கத்து வீட்டு நாற்காலி இழுபடுவது. ஜன்னல் கம்பியில் மழை. யாரும் காதுகொடுத்துக் கேட்காததைத்தான் பொறுக்கினாள். கம்ப்யூட்டரில் அவற்றை எப்படிச் சீர்செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஏதோ ஒரு பாஷையில் ஒருவன் பேசுகிற வீடியோ கிடைத்தது. அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. அம்புக்குறி எங்கே போகிறது, எதை அமுக்குகிறான் என்று மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகினாள். முதலில் அவன் எதுவும் நடக்காத வெற்று அறையைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்கிறான். அதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, 'இதெல்லாம் இரைச்சல்' என்று காட்டுகிறான். பிறகு எந்தப் பதிவைக் கொடுத்தாலும், அது அந்த இரைச்சலை மட்டும் அரித்து எடுத்துவிட்டுத் துடைத்துவைத்த சத்தத்தைத் தருகிறது. பிரமாதம். அவள் அந்த வெற்றுப் பதிவுக்குக் 'காலி' என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அந்த அறை காலியாக இருந்ததே இல்லை என்பதுதான் விஷயம்.

இரண்டே அறை வீடு. அதில் தங்கை இருந்தாள். அம்மாவும் உண்டு, ஆனால் மகன் வீட்டில் பேரன் பிறந்திருந்ததால் மாதக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டாள். தங்கை ஆயத்த ஆடைக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளின் பிசிறு நூலை வெட்டித் தள்ளுகிறவள். பஞ்சுத் தூசி. சின்ன வயதிலிருந்தே இழுப்பு வேறு. படுக்கைவிரிப்பின் முனையைப் பிடிக்க, விளக்கைத் தூக்கி நிற்க, தகட்டை நகர்த்த, எல்லாவற்றுக்கும் அவள்தான். வாய் ஓயாது.

"என்னக்கா இது, பூசணம் புடிச்ச மாதிரி இருக்கு?"

"உனக்கு ரசனை இல்லடி."

"ரசனை இருக்கிறவங்க யாராவது வீட்ல பெட்ஷீட்டைக் கிழிப்பாங்களா? நான் எதைப் போத்திக்கிறது, உன் மேகத்தையா?"

அவளே சிரிப்பாள், சிரிப்பு இருமலில் போய் முடியும். பதிவு நடக்கும்போது மட்டும் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு சுவரோரம் குந்தியிருப்பாள். எங்காவது ஒரு வார்த்தை நழுவினால் அக்கா அதை வெட்டி எறிந்துவிடுவாள். கம்ப்யூட்டரில் இடமில்லாததால், சுத்தம்செய்த பதிவை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடுவது அவள் பழக்கம். முதலாளி ஒருமுறை பெரிய மனசு பண்ணிக் கடையின் முன்கண்ணாடியில் அவள் வேலையை ஓடவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண்மணி, "சத்தம் என்ன துல்லியமா இருக்கு" என்றாள். கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த தங்கை தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினாள், 'நான் மூச்சை அடக்கினதாலதான்' என்று. அந்தப் பெருமைக்கு அன்றைக்கு வேறு யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் தங்கை கம்பெனி மாடிப்படியில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அமளியில் தங்கையின் போனும் எங்கோ தொலைந்துபோனது.

அம்மா திரும்பி வந்தாள். அழுது தீர்த்தாள். அழுகை ஓய்ந்த பிறகு, பழைய மாதிரி காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நீதான் ஊர்ல உள்ள சத்தத்தையெல்லாம் புடிச்சு வெச்சிருக்கியே. அவ குரல் எதுலயாவது இருக்குமாடி?"

"தேடிப் பாக்கறேம்மா."

"ஒரு வார்த்தை போதும். எனக்கு மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு. முகம் மறக்கல, படம் இருக்கு. குரல் போயிட்டே இருக்கு."

இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் தேடினாள். கடை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவாகக் கேட்டாள். சொட்டு. நாற்காலி. மழை. துடைத்துவைத்த பாத்திரம் போலச் சுத்தமான சத்தங்கள். தங்கை அந்த ஒவ்வொன்றும் நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிலும் அவள் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மழைப் பதிவை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது தட்டுப்பட்டது. மழை ஒரே சீராகப் பெய்யவில்லை. நடுநடுவே கொஞ்சம் உள்வாங்கியது, திரும்ப எழுந்தது, மறுபடி உள்வாங்கியது. இயந்திரக் கோளாறு என்று நினைத்தாள். குழாய்ப் பதிவைப் போட்டாள். சொட்டுக்குச் சொட்டு இடையில் அதே பள்ளம். நாற்காலிப் பதிவிலும் அதேதான். எல்லாப் பதிவிலும் ஏதோ ஒன்று இருந்துவிட்டுப் போயிருந்தது, அது இல்லாமல் போன இடம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தன்னையறியாமல் அந்தப் பள்ளத்தோடு சேர்ந்து மூச்சு விட ஆரம்பித்தாள். மூச்சு பொருந்தியது. உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். சுவரோரம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அறிவு வேலை செய்தது. 'இதெல்லாம் இரைச்சல்' என்று கம்ப்யூட்டருக்குக் காட்டியது எதை? காலி. அந்தக் காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். துண்டுக்குள் அவள் நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. மின்விசிறியோடும் தெருவோடும் சேர்த்து அவளையும் காட்டிக்கொடுத்துவிட்டு, எங்கெல்லாம் இருக்கிறாளோ அங்கெல்லாம் எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறாள். சொன்னபடி அது எடுத்துவிட்டது. ஆள் இருக்கிற அறையில் காலி எடுக்கக் கூடாது என்று அந்த வீடியோக்காரன் சொன்னானோ என்னவோ. அவள் அம்புக்குறியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் எடுத்த காலிகளை மட்டும் அவள் அழித்ததில்லை. சின்னச் சின்னப் பதிவுகள், ஒரு மூலையில் கிடந்தன. இதுவரை அவற்றைக் கம்ப்யூட்டர்தான் கேட்டிருக்கிறது, அவள் போட்டுக் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தாள். அங்கே இருந்தாள் தங்கை. மெல்லிய விசில் போல இழுப்பு, நடுவில் எச்சில் விழுங்குவது, கால் மாற்றி உட்காருவது. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பேய்க்குப் பயந்தவள்தான், ஆனால் இந்தப் பேயைக் கட்டிப்பிடித்துக்கொள்ள முடிந்தால் பிடித்திருப்பாள்.

கடைசிக் காலி மட்டும் வேறு மாதிரி இருந்தது. மழையைப் பதிவுசெய்த அன்றைக்கு எடுத்தது, தங்கை விழுவதற்கு முந்தின வாரம். அதில் முதலில் கேட்டது அக்காவின் சொந்தக் குரலே.

"மூச்சை அடக்குடி கொஞ்சம்."

இழுப்பு நின்றது. மறுபடி முன்னைவிட மோசமாகப் பீறிட்டது. அதற்கப்புறம் துண்டுக்குள்ளிருந்து சின்னதாக, தெளிவாக:

"முடியலக்கா."

அவ்வளவுதான். பின்னால் இழுப்பும் மின்விசிறியும் மட்டும் ஓடின. பதில் இல்லை. அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், காதுக்குள்ளேயே வந்து சொல்லியிருக்கிறாள் தங்கை. கேட்டதாகக்கூட அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு முட்டி மோதியும் நினைவு வரவில்லை.

அம்மா கேட்டது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. அதை எப்படிக் கொடுப்பது? கொடுத்தால், அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டே அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் சேர்ந்து போகும். கொடுக்காவிட்டால், அம்மாவின் காதிலிருந்து மகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவாள். கடையில் இரண்டு நாள் வில்லைகளைப் பாழாக்கினாள். முதலாளி, "உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா" என்றார். பூதக்கண்ணாடி என்றுகூடக் கூப்பிடவில்லை.

வீட்டுக்குப் போனாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டாள். முதலில் ஒரு பழைய காலியைப் போட்டாள். அம்மாவின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"இது சின்ன இழுப்பு" என்றாள். "மழைக்காலத்துல வர்றது. வெந்நி குடிச்சா அடங்கிடும்." கொஞ்சம் பொறுத்து, "பேசலையே?" என்றாள்.

அவள் கை சுட்டியின் மேல் இருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டு, வேறு இல்லையம்மா என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பிவிடுவாள். கடைசிக் காலியை அமுக்கினாள்.

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. நெஞ்சுச் சளியை முப்பது வருஷம் காதால் அளந்தவளுக்கு விளக்கம் எதற்கு? ஒரு கை தானாக எழுந்து, பக்கத்தில் இருந்த வெற்று இடத்தில் முதுகைத் தடவுகிற மாதிரி மேலும் கீழும் போனது. முழுதும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடக்குன்னு சொல்றது யாரு?"

"நான்தாம்மா."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. திரையில் கோடு கோடாக நின்ற சத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது இவளுக்கு, ஓங்கி ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்வாள்.

"வேண்டாததையெல்லாம் இதுல எடுத்துட முடியும் இல்ல?" என்று கேட்டாள் அம்மா.

"முடியும்."

"உன் குரலை எடுத்துடு. அவளை மட்டும் வெச்சுக் குடு."

எடுத்தாள். அவளுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஒட்டுத் தெரியாமல், ஒரு பிசிறு இல்லாமல், அந்த அறையிலிருந்து தன்னை முழுக்க எடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

இப்போதும் கடைக்குப் போகிறாள், வில்லை தேய்க்கிறாள், விரிப்பைக் கட்டி ஒளி பாய்ச்சுகிறாள். எந்தச் சத்தத்தையும் சுத்தம் செய்வதில்லை. அம்மா தினமும் சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு, போனைக் காதருகே வைத்துக் கேட்பாள். காது மந்தமாகிவருவதால் சத்தமாகத்தான் வைப்பாள். அடுத்த அறையில் இவள் கையில் எந்த வேலை இருந்தாலும், அந்தக் குரல் அக்கா என்று கூப்பிட்டதும் போட்டுவிட்டு எழுந்து வாசற்படி வரைக்கும் வந்துவிடுகிறாள். அம்மா நிமிர்ந்து பார்ப்பதில்லை, மறுபடி முதலிலிருந்து போடுகிறாள்.