பெட்டித் துணி

திருப்பதியில் பழைய சாமான் கடையில் நான் வாங்கிய கைத் தையல் மிஷினை மெக்கானிக் துரு எடுத்து, எண்ணெய் விட்டுச் சுற்றியதும் எழுந்த வாசனை, சித்தூர் மிஷன் காம்பவுண்டில் இன்று கார்கள் நிற்கிற இடத்தில் ஒருகாலத்தில் இருந்த தையல் அறையின் வாசனை. அங்கே அம்மாவும் வேறு சில பெண்களும் ஞானஸ்நான கவுன், பாடகர் அங்கி, சவப்பெட்டிக்குள் விரித்து மூடும் துணி என்று வெள்ளையையே தைத்துக்கொண்டிருக்க, கூரையின் கண்ணாடி ஓடு வழியே இறங்கும் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கும், ஒரு மிஷின் ஓய இன்னொன்று தொடங்கும், யாராவது ஒருத்தி கீர்த்தனை முனகுவாள். எந்தத் துணியானாலும் தையல் முடிகிற இடத்தில் திருப்பிப் போட்டு, வந்த வழியே கொஞ்சம் ஓட்டி இறுக்குவார்கள். பெட்டித் துணியில் மட்டும் நூலை அப்படியே நறுக்கிவிடுவார்கள்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“கடைசி நாள்ல ஆண்டவர் கூப்பிட்டா எழுந்து வரணுமில்ல,” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். “நம்ம தையல்ல சிக்கிக்கினு கெடக்கலாமா?”

மெக்கானிக் ஒரு வெள்ளைத் துணித் துண்டை நீட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு நூலை நறுக்கினேன்.

“திருப்பி ஓட்டலயா மேடம்? பிரிஞ்சிக்கும்,” என்றார்.

அம்மா இறந்தபோது பெட்டியை ரெடிமேடாக வாங்கினோம். உள்ளே இருந்த துணியில் ஓரம் முழுக்க இரட்டைத் தையல். நல்ல வேலை. முடிகிற இடத்தில் திருப்பி ஓட்டி இறுக்கியிருந்தார்கள்.