எஸ்தர் அக்கா என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது

போன செவ்வாய்க்கிழமை காலை, மூணாறு ஸ்டாண்டில் நான்கு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. எஸ்தர் அக்காவின் தங்கை மகள் கலா. “அண்ணே, பெரியம்மா போயிட்டாக” என்றாள். பயணிகளை அங்கேயே இறக்கிவிட்டேன். அவர்கள் இந்தியில் திட்டினார்கள், திட்டட்டும். எட்டு வருஷத்துக்கு முன்பு எஸ்தர் அக்காவே என்னை அழைத்தபோது நான் யாரையும் இறக்கிவிடவில்லை. அதை மறைத்து அவர்களுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அக்கா எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்தார்கள். கணவர் தாசன் அண்ணன் தோட்டத்தில் மருந்தடிப்பவர். பிள்ளைகள் இல்லை. அவர்கள் இருந்த மேல் டிவிஷன் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், என் ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. அன்று அண்ணனுக்கு நெஞ்சுவலி. “தம்பி, சீக்கிரம் வாப்பா” என்று அக்கா கூப்பிட்டபோது, நான் காட்சிமுனையில் பயணிகளோடு நின்றிருந்தேன். சீசன் சவாரி, விட மனம் வரவில்லை. “வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுக்கா, ஒரு மணி நேரம் ஆவும்” என்று கூசாமல் புளுகினேன். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி வந்து ஏற்றிப்போக, பாதி வழியிலேயே அண்ணன் உயிர் போய்விட்டது.

அதன்பின் அக்கா வேலைக்கும் போகவில்லை, சர்ச்சுக்கும் போகவில்லை. ஆறுதல் சொல்ல வந்த போதகரிடம், “ஆண்டவர் எதுக்கு இப்படிப் பண்ணாருன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா, அப்புறம் வாரேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்களாம். நானோ அந்த லயத்துப் பக்கமே தலைகாட்டாமல், கீழ் ரோட்டைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு முத்துமாரிக்கு மாதம் நிறையும் முன்பே பிரசவ வலி வந்துவிட்டது. அவள் மாமியார் அக்காவின் கதவைத் தட்டி அழுதிருக்கிறாள். அக்காவின் நம்பரை என் போனில் பார்த்ததும் எடுத்துவிட்டேன். அன்றும் ஜீப்பில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு ஓடினேன்.

முத்துமாரியைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டு அக்கா முன்சீட்டில் ஏறினார்கள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மூன்றாவது வளைவில், பனிமூட்டத்துக்குள் ஒற்றை யானை ரோட்டை அடைத்து நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு, அதுவாக விலகும்வரை மூச்சுக்காட்டாமல் இருப்பதுதான் எங்கள் வழக்கம். ஹார்ன் அடித்தால் ஜீப்பைப் புரட்டிவிடும். பின்னால் முத்துமாரி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு முனகினாள். யானை ஓரடி எங்களை நோக்கி வந்தது. நான் கும்பிடும் மாரியாத்தா பெயர்கூட வாயில் வரவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது. “ஆண்டவரே, உம்ம மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. ஆனா இந்தப் புள்ளைய விட்டுறாதேயும்.” அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யானை திரும்பித் தேயிலைச் சரிவில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை, இருவரும் பிழைத்தார்கள். திரும்பும் வழியில் என்னால் தாங்க முடியவில்லை. ஜீப்பை ஓரம்கட்டினேன்.

“அக்கா, அன்னிக்கு வண்டி சேத்துல மாட்டல.”

“தெரியும். உன் வண்டில வந்தவக சிரிக்கிற சத்தம் போன்ல கேட்டுச்சு.”

“தெரிஞ்சுமா இன்னிக்கு என்னயக் கூப்புட்டீக?”

“வேற வண்டி ஏது? நீ இன்னிக்கும் வராம இருந்திருந்தா, ஜெபம் பண்றதையே அத்தோட விட்டிருப்பேன்.” முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்கள்: “மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்ப்பா. ஆனா நாளைக்கும் கூப்புடுவேன். வந்துரு.”

கூப்பிட்டார்கள். எட்டு வருஷமும் கூப்பிட்டார்கள். காய்ச்சல்காரர், கால் முறிந்தவர், டயாலிசிஸ்காரர் என்று யாருக்கு முடியாவிட்டாலும் அக்கா முன்சீட்டில் இருப்பார்கள். குளிரில் டீசல் இஞ்சின் சூடாகும்வரைதான் ஜெபம். அதற்குமேல் ஒரு நிமிஷம் நீட்ட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் திரும்பிவிட்டார்கள். மனம் விட்டுப்போனவர்களிடம், “எனக்குந்தான் எந்திரிக்க மனசு வராது. அடுத்த வீட்டுல ஒருத்தருக்கு முடியலன்னா, ஆண்டவர் என்னய எழுப்பிவிட்டுருவாரு” என்பார்கள். என்னைக் கேலி செய்வார்கள், அதட்டுவார்கள், என் மகள் படிப்புக்காகவும் ஜெபிப்பார்கள். மன்னித்துவிட்டேன் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் பயந்துகொண்டே ஓடினேன்.

அடக்கத்துக்குப் பெட்டியை என் ஜீப்பில்தான் ஏற்றினார்கள். சாவியைத் திருகப் போனபோது கலா என் பக்கம் வந்தாள்.

“அண்ணே, பெரியம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாக. தான் போனப்புறந்தான் சொல்லணும்னாக.”

“என்னம்மா?”

“‘அவன் மேல இருந்த கோவம் எப்பவோ தீந்துருச்சு. சொல்லிட்டா அப்புறம் வராம இருந்துருவானோன்னுதான் சொல்லல’ன்னாக.”

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். ஊரே காத்து நின்றது. பிறகு வண்டியை எடுத்து, பாட்டுப் பாடி முன்னே நடந்தவர்களின் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு மெல்ல ஓட்டிப்போனேன்.

போய் வாருங்கள் அக்கா. என் விஷயத்தில் மட்டும் தப்புக்கணக்குப் போட்டுவிட்டீர்கள். சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன்.