செத்த போனில் கடைந்த பேனைகள்

பேனை கடைவது லேசான தொழில்; அது என்ன பேனை என்று விளங்கப்படுத்துவதுதான் உயிரை வாங்கும். கையால் ஒரு சாமானைச் செய்து, மேசையில் பரப்பிவைத்து, போகிறவர் வருகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கேக் அடிக்கிறவர்கள், சட்டை தைக்கிறவர்கள், பன்பாய் இழைக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சி. வாருங்கள், சேர்ந்து அழுவோம்.

என் கணவர் மட்டக்களப்பு நகரத்தில் போன் முதல் வீட்டு மின்சாரச் சாமான்வரை திருத்தும் கடை வைத்திருக்கிறார். இனிப் பிழைக்காது என்று கைவிடப்பட்ட போன், டிவி, றேடியோ எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு பச்சைத் தகடு இருக்கும். சேர்கிட் போர்ட் என்பார்களே, அதுதான். அது மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் அந்த மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னக் கடைசல் மெஷின் வாங்கினேன். தகட்டைத் துண்டுகளாக வெட்டிப் பித்தளைக் குழாயைச் சுற்றி ஒட்ட வேண்டும். அதை அச்சில் வைத்து, கண்ணாடி போலத் தெளிந்த ரெசினை ஊற்றி இறுகவிட்டால் ஒரு கட்டை கிடைக்கும். கட்டையை மெஷினில் சுழலவிட்டு, உளி பிடித்துக் கடைந்து மினுக்கினால், பச்சை உடம்பில் பொன் கோடு ஓடுகிற பேனை. இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்போது, கேட்டவர் பக்கத்து மேசையில் ஊறுகாய் வாங்கிக்கொண்டிருப்பார்.

சதை இல்லாத கால்

என் பட்டறை வீட்டின் பின்பக்கம், வேலியோரத்தில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சரோ அக்காவின் வெளி அடுப்பு. தொடங்கின புதிதில் ஒருநாள் உளியைக் கொஞ்சம் ஆசையோடு அழுத்திவிட்டேன். சுழன்றுகொண்டிருந்த கட்டை வெடித்து, ஒரு துண்டு விசிலடித்தபடி வேலி தாண்டிப் போனது. நான் முகமூடியும் பெரிய கண்ணாடியும் போட்டபடியே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சரோ அக்கா என்னைக் கண்டு அலறின அலறலில் கோழிகள் எல்லாம் கிணற்றடிக்கு ஓடிவிட்டன. “அக்கா, நான்தான். ஒரு துண்டு அங்கால வந்து விழுந்ததா? சட்டிக்குள்ள விழல்லயே?” என்று கேட்டேன். “சட்டிக்குள்ள ஒண்டும் விழல்ல புள்ள. நீ முதல்ல அந்த மூஞ்சியக் கழட்டு” என்றார். வளவெல்லாம் தேடினோம். துண்டைக் காணவில்லை.

அன்று அவர்கள் வீட்டில் நண்டுக் கறி. பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் சரோ அக்காவின் கணவர் வேலியடிக்கு வந்தார். இளைப்பாறிய தபால் அதிபர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் கையில் நீட்டமான ஒரு பச்சைத் துண்டு, என் மெஷின் ஒருநாளும் மினுக்காத அளவுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மிகவும் மரியாதையாக அதை என்னிடம் தந்து சொன்னார்:

“தங்கச்சி, கறி திறம்தான். ஆனா இந்தக் காலுக்குள்ள மட்டும் எவ்வளவு உறிஞ்சியும் ஒண்டும் வரல்ல.”

முற்பிறப்பு

பேனையைக் கையில் எடுக்கிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “இது முந்தி என்னவா இருந்தது?” என்பதுதான். பொய் சொல்ல எனக்கு வராது. ரைஸ் குக்கர் என்று சொன்னதும் ஒருவர் மணந்து பார்த்தார். பழைய றேடியோ என்று சொன்னபோது ஒரு அம்மா காதருகே பிடித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒருமுறை கறுப்புக் கோட்டின் நுனியில் வேர்வை சொட்ட ஒரு சட்டத்தரணி வந்தார். எல்லாவற்றையும் புரட்டி, இருப்பதிலேயே வடிவான பேனையைத் தூக்கி அதே கேள்வியைக் கேட்டார். அது வோஷிங் மெஷின். சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

“பொருத்தமாத்தான் இருக்கு தங்கச்சி. நானும் நாள் முழுக்க மற்றவங்கட ஊத்தையோடதான் சுத்துறன்.”

சோதினைக்குப் போன பேனை

வெல்லாவெளியிலிருந்து கௌசி என்று ஒரு பிள்ளை. அரசாங்க எழுதுவினைஞர் சோதினைக்கு ராசியான பேனை வேண்டும் என்று வந்து வாங்கிப் போனாள். வாங்கினதோடு நிற்காமல், களுதாவளைப் பிள்ளையாரின் காலடியிலும் வைத்து எடுத்திருக்கிறாள். சோதினை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவரின் கண் அந்தப் பேனையில் விழுந்தது. உள்ளே தகடு, தகட்டில் கம்பி, கம்பிக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி. மனுசன் பதறிப்போய்விட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தாராம். காதில் வைத்தாராம். “ஹலோ” என்றுகூடச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு இன்னொரு அதிகாரியையும் கூட்டிவந்து இருவருமாகப் பேனையைக் கழற்ற, உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி முன்வரிசையில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் கொண்டையில் போய் இருந்துவிட்டது.

கௌசிக்கு அழுகை ஒரு பக்கம். நேரம் போகிறதே என்ற பதற்றம் இன்னொரு பக்கம். கடைசியில் வேறு பேனை வாங்கித்தான் எழுதினாள். பாதிப் பேனையோடு என்னிடம் வந்தபோது, ஏச வருகிறாளாக்கும் என்று நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன். அவளோ வாய்விட்டுச் சிரித்தபடி வந்தாள். “விடை எதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறாய்?” என்று கேட்ட மேற்பார்வையாளரிடம், மண்டபமே கேட்க அவள் சொன்னாளாம்:

“விடை சொல்ற பேனை எங்கிட்ட இருந்தா, ஒவ்வொரு வருசமும் ஏன் சேர் உங்கட மூஞ்சில முழிக்கிறன்?”

நினைவுத் துண்டு

காத்தான்குடி றமீஸ் நானா கட்டாரில் கனகாலம் இருந்து திரும்பினவர். அங்கே இருந்தபோது மனைவி ஜெஸ்மினோடு பேசின போன் செத்துப்போனது. அதை எறிய மனம் வராமல், “எனக்கொண்டு, அவவுக்கொண்டு, ரெண்டு பேனை கடைஞ்சு தாங்க தங்கச்சி” என்று கேட்டு வந்தார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “அதுக்குள்ள நினைவு வைக்கிற துண்டு ஒண்டு இரிக்காம். அத மட்டும் நொறுக்கி எறிஞ்சிருங்க. வேற ஒண்டுமில்ல, நான் பாட்டுப் பாடி அனுப்பினதெல்லாம் அதுல கிடக்கு. புள்ளையள் கேட்டா என்ட மரியாத போயிரும்.”

மறுநாள் ஜெஸ்மின் வந்தார், தனியாக. அவரும் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “ராத்தா, அந்த நினைவுத் துண்டு எங்க இரிக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? கோவத்துல அவர்ட உம்மாவப் பத்தி நான் பேசி அனுப்பினது கனக்க இரிக்கு. அத ஆத்துல போட்டாலும் பரவாயில்ல.” ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. என் கணவர் துண்டைக் காட்டித் தந்தார். நான் சுத்தியலால் அடித்துப் பொடியாக்கினேன். இரண்டு பேருக்கும் விசுவாசமாக இருந்த திருப்தி!

பேனைகளை எடுக்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். றமீஸ் நானா பேனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினார். ஜெஸ்மின் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நானாவும் ஓரக்கண்ணால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்:

“பாத்தீங்களா ஜெஸ்மின், நாம பேசின ஒரு சொல்லும் வீணாப் போகல்ல.”

கம்ப்யூட்டர் சாத்திரம்

மாமாங்கத் திருவிழாவுக்கு அமிர்தகழியில் மேசை போட்டிருந்தேன். ஒரு பக்கம் காப்புக் கடை. மறுபக்கம் கைரேகை பார்க்கிற ஒரு ஐயா. காப்புக் கடையில் தேர்க் கூட்டம். எங்கள் இருவரிடமும் ஈ மட்டும் வந்து போனது. ஐயாவின் பேனை மை தீர்ந்து நின்றுவிட, பாவமாக இருக்கிறதே என்று என்னுடையதில் ஒன்றை இரவலாகக் கொடுத்தேன். அதோடு என் நிம்மதி போனது. அவர் அந்தப் பேனையை ஆட்களின் உள்ளங்கைக்கு மேல் மெதுவாக ஓட்டி, “வாங்க, வாங்க, கம்ப்யூட்டர் சாத்திரம்” என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். கூட்டம் என் மேசையைச் சாய்த்துக்கொண்டு அவரிடம் போனது. ஒரு அம்மா என் பேனைப் பெட்டியின்மேல் ஏறி நின்று வரிசையை எட்டிப் பார்த்தார். சத்தம் போட்டுப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒருவர், “பின்னால போங்க, எல்லாருக்கும் அவசரம்தான்” என்று என்னையே அதட்டினார்.

பின்னேரம் ஐயா எழும்பி வந்தார். நன்றி சொல்லப்போகிறார், ஒருவேளை அந்தப் பேனையை வாங்கியும் விடுவார் என்று நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, களைத்துப்போன குரலில் சொன்னார்:

“இந்தா புள்ள, இதுல ஏதோ பிழை இருக்கு, ஆருட கையில வச்சாலும் வெளிநாட்டுப் பயணம் எண்டுதான் சொல்லுது.”

திருப்பினால் எழுதும்

என்னோடு முன்பள்ளியில் படிப்பித்த வசந்தி, தன் தம்பியின் கல்யாணத்தில் கையெழுத்து வைக்க ஒரு பேனை கேட்டாள். இருந்த கட்டைகளிலேயே திறமானதை எடுத்துக் கடைந்தேன். தாலி கட்டி முடிந்தது. பதிவாளர் புத்தகத்தை விரித்தார். வீடியோக்காரர் கிட்டப் போனார். மாப்பிள்ளை என் பேனையை எடுத்து அதன் தலையில் அமத்தினார். வரவில்லை. திரும்பவும் அமத்தினார். உதறினார். வாயால் ஊதினார். அது அமத்துகிற பேனை இல்லை, திருப்புகிற பேனை! ஒரு பெரியப்பா, “சகுனம் சரியில்லப் போல” என்று மெல்லத் தொடங்க, பெண்ணின் தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. வசந்தி சபைக்குள் என்னைத் தேடுகிறாள். நான் பின்வரிசையில், வாய் நிறைய வடையோடு இருக்கிறேன். பேச முடியாததால் எழும்பி நின்று, கையை உயர்த்தி, திருப்பு திருப்பு என்று சைகை காட்டினேன். மாப்பிள்ளை என்னைக் கண்டார். தலையை ஆட்டினார். அப்படியே முழு உடம்போடு திரும்பி, சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சபை சிரிக்கத் தொடங்கியது. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. அப்போது மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் கையை நீட்டி, அவர் கையிலிருந்த பேனையை உருவினாள். ஒரு திருப்பு. மருதாணிக் கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டு, இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் தோளில் பேனையால் தட்டினாள். அவர் திரும்பி, காது வரை சிவந்து, தன் கையெழுத்தையும் போட்டார். பதிவாளர் புத்தகத்தை மூடியபடி சொன்னார்:

“தம்பி, இனி வீட்டில எது வேலை செய்யாட்டியும் உதறாம ஊதாம அவகிட்டக் குடுத்திருங்க.”

இவ்வளவு காலத்தில், ‘எழுதுவதற்கு ஒரு பேனை தாங்க’ என்று மட்டும் கேட்டு ஒருவரும் என் மேசைக்கு வந்ததில்லை, அப்படி யாரும் வந்தால் நான் என்ன சொல்வது என்று தெரியாமல் திண்டாடிப்போவேன்.