பம்ப் நின்ற பிறகு கேட்ட தட்டு

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைப் ‘பம்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தளம் முழுக்க ஊற்று. குழியில் தண்ணீர் ஏறினால் மிதவை உயர்ந்து மோட்டார் தானாக ஓடும். வெளியே இறைத்துவிட்டு நிற்கும். அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. முன்பு அவள் கணவர் பார்த்தது. ஒரு மழையில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. என்னவென்று பார்க்க அவர் தண்ணீரில் இறங்கினார். போன கரண்ட் திரும்பி வந்தபோது அதில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் அதற்கப்புறம் வந்தவை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மோட்டார் நிற்கும்போதெல்லாம் குழாயில் ‘டொக்’கென்று ஒரு தட்டு கேட்கும். திரும்பி விழும் தண்ணீர் வால்வை அறைகிற சத்தம் என்றார் பிளம்பர். மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

“இருந்துட்டுப் போகட்டுங்க. துணைக்கு ஆள் இருக்கற மாதிரி இருக்கு” என்றாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலேயே கரண்ட் போனது. மத்தியானத்துக்குள் பேட்டரியும் தீர்ந்தது. மோட்டார் நின்றது, வழக்கமான தட்டு கேட்டது. ஜெனரேட்டர்காரருக்குப் போன் போட்டுவிட்டுப் படி மேலேயே உட்கார்ந்தாள்.

மறுபடியும் தட்டு. மோட்டார் ஓடவில்லையே? இன்னொன்று. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“நான் வரலைங்க,” என்றாள் இருட்டைப் பார்த்து. “பிள்ளைங்க இருக்காங்க.”

தட்டு நிற்கவில்லை. பிறகு ஒரு குரல்: “அக்கா, கதவு திறக்க மாட்டேங்குது.”

கீழ்க்கடைத் தையல்காரர். துணிக்கட்டுகளை எடுக்க அடித்தளச் சாமான் அறைக்குப் போயிருக்கிறார். வெளியே ஏறிய தண்ணீர் கதவை அழுத்திப் பூட்டியதுபோல் ஆக்கிவிட்டது.

அவள் முதலில் மெயினை அணைத்தாள். ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் இறங்கினாள். முழங்காலுக்குச் சில்லென்று தண்ணீர். அவள் இழுக்க, உள்ளிருந்து அவர் தள்ள, கதவு விட்டுக்கொடுத்தது.

“எவ்வளவு நேரமா தட்டறேன், கேக்கலையாக்கா?”

“கேட்டுச்சு” என்றாள்.

மறுநாள் அவளே பிளம்பரைக் கூப்பிட்டு, இனிமேல் தட்டு கேட்டால் அது ஆள்தான் என்று தெரியணும் என்று வால்வை மாற்றச் சொன்னாள். இந்த வேலையே வேண்டாம், எங்களோடு வந்து இரு என்று அவள் அண்ணன் எவ்வளவோ மன்றாடினார். அவள் போகவில்லை. இப்போது மோட்டார் நின்றால் கீழே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளுக்குப் பழகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குகிறாள்.